பழைய போர்ட்டுக்காகப் பழைய லேப்டாப்: அறிகுறி பார்த்துத் தேர்வு செய்வது எப்படி

பழைய லேப்டாப் வேண்டும் என்று யாராவது கேட்டால், "இப்போது எது ஓடவில்லை?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். மாடல் பேச்செல்லாம் அப்புறம். பிஎல்சி (தொழிற்சாலை இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி), எம்ப்ராய்டரி மெஷின், எடை இயந்திரம், சிப்பில் நிரலை எழுதும் ரோம் புரோகிராமர், டேப் கேமரா என்று கருவி எதுவாகவும் இருக்கலாம். கருவி நன்றாகத்தான் இருக்கும். அதோடு பேசிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் போய்விட்டிருக்கும். புது லேப்டாப்பில் அதற்கான சீரியல், பேரலல் அல்லது ஃபயர்வயர் போர்ட் கிடையாது, அதனால் போர்ட் உள்ள பழைய லேப்டாப் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

இடையில் ஒரு கேள்வி விட்டுப்போகிறது. கருவிக்கு அந்தப் போர்ட்டின் வடிவம் இருந்தால் போதுமா, அல்லது பழைய போர்ட் நடந்துகொண்ட விதமே வேண்டுமா? வடிவம் போதுமென்றால் ஒரு அடாப்டரோடு வேலை முடிந்துவிடும். நடந்துகொள்ளும் விதம் முக்கியமென்றால், சரியான வடிவத்தில் ஓட்டை உள்ள லேப்டாப்பை வாங்கியும் ஏமாற வாய்ப்புண்டு. கீழே உள்ளதில் உங்கள் அறிகுறி எதுவோ அங்கிருந்து படியுங்கள்.

அடாப்டர் செருகியாயிற்று, காம் எண்ணும் வந்துவிட்டது, கருவி மட்டும் வாய் திறக்கவில்லை

இந்தப் புகாரோடு வருபவர்களில் நிறையப் பேருக்குப் பழைய லேப்டாப்பே தேவைப்படாது. அதனால் பணத்தை எடுக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

யூஎஸ்பி-சீரியல் அடாப்டரின் 9 பின் முனையில் 2ஆம் ஊசியையும் 3ஆம் ஊசியையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். 2 கேட்கும் ஊசி, 3 பேசும் ஊசி. புட்டி மாதிரி ஏதாவது டெர்மினல் நிரலைத் திறந்து, அந்த காம் எண்ணை (சீரியல் போர்ட்டுக்கு விண்டோஸ் தரும் எண்) கொடுத்து, ஃப்ளோ கண்ட்ரோலை நிறுத்திவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். தட்டிய எழுத்து திரையில் திரும்பி வர வேண்டும், கம்பியை எடுத்ததும் நின்றுவிட வேண்டும். இதை லூப்பேக் சோதனை என்பார்கள். ஒரு நிமிட வேலைதான். லேப்டாப் வாங்கும்போதும் இது வேண்டியிருக்கும், எனவே இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

எழுத்து திரும்பி வந்தால் அடாப்டர் மேல் குற்றமில்லை. அடுத்த சந்தேகம் கேபிள். நேர் கேபிளில் 2க்கு 2, 3க்கு 3. நல் மோடம் கேபிளில் இரண்டும் குறுக்காக மாறியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, மல்டிமீட்டர் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பழைய கேபிள் தொலைந்து புதிது வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

கேபிளும் சரியென்றால் காம் எண்ணைப் பாருங்கள். பழைய நிரல்களில் பல காம் 1 முதல் 4 வரை மட்டுமே அறியும். அடாப்டர் 11ஆம் எண்ணில் போய் உட்கார்ந்திருந்தால் நிரலுக்கு அது கண்ணில் படாது. டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் அட்வான்ஸ்டு அமைப்புக்குள் போய் எண்ணை மாற்றலாம். அடாப்டருக்குள் இருப்பது எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் என்றால் அதே இடத்தில் லேட்டன்சி டைமர் என்று ஒன்று இருக்கும். அது 16 மில்லி விநாடியில் இருப்பது வழக்கம். கேள்வி கேட்டவுடன் பதிலை எதிர்பார்க்கும் நிரலுக்கு அந்தத் தாமதமே பொறுக்காது, "கருவி பதில் தரவில்லை" என்று கைவிட்டுவிடும். 1க்குக் குறைத்துப் பாருங்கள். பல தொல்லைகள் இந்த ஒரே மாற்றத்தில் ஓடிவிடும்.

எழுத்து திரும்பியே வரவில்லை, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் கோட் 10 என்ற செய்தியும் தெரிகிறது என்றால், ப்ரோலிஃபிக் சிப்பின் நகலோ அதன் பழைய பதிப்போ உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம். புதிய டிரைவர் அவற்றை ஏற்க மறுக்கும். வேறு சிப் உள்ள அடாப்டர் ஒன்றை முயன்றுவிட்டு முடிவெடுங்கள்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். உங்கள் பயனர் கணக்கு டயல்அவுட் குழுவில் இல்லையென்றால் போர்ட் கண்ணுக்குத் தெரியும், திறக்க மட்டும் முடியாது.

இத்தனையும் செய்து பார்த்தும் கருவி பேசவில்லையா? அப்படியானால் மூன்று வகையில் ஒன்றாக இருக்கும். முதல் வகை, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து நிரல். அது ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கேட்காமல் காம் 1க்கு உரிய ஹார்டுவேர் முகவரியை நேராகத் தொடும். அந்த முகவரியில் யூஎஸ்பி அடாப்டர் இருக்காது. இரண்டாம் வகை, சீரியல் போர்ட்டின் கட்டுப்பாட்டுக் கம்பிகளை பொம்மலாட்டக் கயிறு மாதிரி ஒவ்வொன்றாக இழுத்து விடும் நிரல். வீட்டிலேயே செய்த சிப் புரோகிராமர்கள் பலவும் இப்படித்தான். யூஎஸ்பி வழியே ஒவ்வொரு இழுப்புக்கும் ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி போய்விடுவதால் ஒன்று வேலை தவறும், இல்லையென்றால் ஆமை வேகத்தில் நகரும். இந்த இரண்டுக்கும் உண்மையான போர்ட் உள்ள பழைய லேப்டாப்தான் மருந்து.

மூன்றாம் வகையில்தான் பலர் காசை விடுகிறார்கள். போர்ட்டிலிருந்தே மின்சாரம் உறிஞ்சும் கருவிகள் இவை. பிக் (PIC) மைக்ரோகண்ட்ரோலர் சிப்களுக்கான ஜேடிஎம் புரோகிராமர் நல்ல உதாரணம். சீரியல் போர்ட்டுக்கான ஆர்எஸ்-232 தரத்தின்படி கேட்கும் பக்கத்துக்கு 3 வோல்ட் இருந்தாலே போதும், அதனால் லேப்டாப் தயாரித்தவர்கள் 5, 6 வோல்ட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். டெஸ்க்டாப் போர்ட் 12 வோல்ட் வரை கொடுத்தது. எனவே உண்மையான சீரியல் போர்ட் உள்ள லேப்டாப் வாங்கினாலும் ஜேடிஎம் வகை ஓடாமல் போகலாம். இந்த வேலைக்கு லேப்டாப் வேண்டாம், பழைய டெஸ்க்டாப் தேடுங்கள். அல்லது யூஎஸ்பியில் ஓடும் புதிய புரோகிராமர் வாங்குங்கள். அலைச்சலாவது மிச்சமாகும்.

பேரலல் அடாப்டரில் பிரிண்டர் ஓடுகிறது, வேறு எதுவும் ஓடவில்லை

இதற்கு நீண்ட ஆராய்ச்சி வேண்டாம். யூஎஸ்பி-பேரலல் அடாப்டர் என்று விற்பவை பிரிண்டருக்கு மட்டும் பேசத் தெரிந்தவை. பேரலல் போர்ட்டுக்கு உரிய 378 என்ற பழைய ஹார்டுவேர் முகவரியை அவற்றால் கொடுக்க முடியாது. நிரலின் காப்புச் சாவியாக வந்த டாங்கிள், ரோம் புரோகிராமர், பழைய ஸ்கேனர், ஜிப் டிரைவ் எல்லாவற்றுக்கும் உண்மையான பேரலல் போர்ட்தான் வேண்டும். அடாப்டரை மாற்றி மாற்றி வாங்குவதை நிறுத்திவிட்டு லேப்டாப் தேடலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பேரலல் போர்ட் வழியாக மோட்டார்களுக்குத் துடிப்பு அனுப்பும் சிஎன்சி (கணினி ஓட்டும் வெட்டு இயந்திர) வேலைக்கு லேப்டாப் உதவாது. லேப்டாப்பின் பயாஸ் (ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் அடியில் ஓடும் நிரல்) மின் சேமிப்புக்காகவும் சூட்டைக் கண்காணிக்கவும் அவ்வப்போது பிராசசரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அந்த நேரம் துடிப்பு தவறி மோட்டார் தடுமாறும். ஆபரேட்டிங் சிஸ்டத்தில் எதை மாற்றினாலும் இதைத் தடுக்க முடியாது. அதோடு சில லேப்டாப்களின் பேரலல் போர்ட் 5 வோல்ட்டுக்குப் பதில் 3.3 வோல்ட்தான் தரும், சில டிரைவர் போர்டுகளுக்கு அது போதாது.

டேப் கேமராவை யூஎஸ்பியில் இணைத்தால் புகைப்படம் மட்டும் வருகிறது, வீடியோ வரவில்லை

மினிடிவி கேமராவிலிருந்து டேப்பை அப்படியே எடுக்க ஃபயர்வயர் வேண்டும். ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் ஃபயர்வயர் முனை உள்ள மலிவான கேபிள் ஒன்று விற்கிறார்கள். உள்ளே வெறும் கம்பிதான். இரண்டும் வேறு மொழி பேசுபவை, கம்பியால் மொழிபெயர்க்க முடியாது. அதை வாங்காதீர்கள்.

விண்டோஸ் லேப்டாப்களில் வருவது பெரும்பாலும் 4 பின் ஃபயர்வயர். சோனி இதையே ஐ-லிங்க் என்று அழைத்தது. கேமராவுக்கு இதுவே போதும். ஆடியோ இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும், 4 பின்னில் மின்சாரம் வராது. போர்ட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும் கருவிக்கு 6 பின் வேண்டும். கார்டு வாங்கிச் செருகினாலும், அதில் 6 பின் ஓட்டை இருந்தாலும், பக்கத்தில் தனி மின் அடாப்டர் செருகினால்தான் பல கார்டுகள் மின்சாரம் தரும். ஆடியோ வேலைக்கு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் சிப் உள்ளதைத் தேடுவது பாதுகாப்பு.

டேப் எடுப்பது மட்டுமே வேலையென்றால் 2012இல் வந்த, ரெட்டினா திரை இல்லாத மேக்புக் ப்ரோ நல்ல தேர்வு. அதில் 9 பின் ஃபயர்வயர் 800 இருக்கிறது. 9க்கு 4 பின் கேபிள் போட்டால் பழைய கேமராவோடும் ஒத்துப்போகும்.

பதிவு சுமார் 20 நிமிடத்தில் தானாக நின்றுவிடுகிறது என்று புகார் வந்தால், கேமராவையும் கேபிளையும் திட்ட வேண்டாம். மினிடிவி வீடியோ விநாடிக்குக் கிட்டத்தட்ட 3.6 எம்பி சாப்பிடும், ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி. டிஸ்க் ஃபேட்32 ஆக இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. வகுத்துப் பாருங்கள், 20 நிமிடம்தான் வரும். டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் ஆக மாற்றுங்கள்.

விளம்பரத்தில் "சீரியல் போர்ட் உண்டு" என்கிறார்கள், படத்தில் நம்ப முடியவில்லை

நம்பாதது நல்லது. விஜிஏ போர்ட்டும் சீரியல் போர்ட்டும் ஒரே அளவு உலோக ஓட்டில் வருபவை. விற்பவர்களில் பலர் விஜிஏவைக் காட்டி சீரியல் என்றே மனதார நம்புகிறார்கள். எண்ணிப் பாருங்கள். லேப்டாப் பக்கத்தில் ஊசிகள் வெளியே நீட்டியபடி 5, 4 என இரண்டு வரிசையில் இருந்தால் சீரியல். 15 துளைகள் மூன்று வரிசையில் இருந்தால் விஜிஏ. நீளமாக 25 துளைகள் இரண்டு வரிசையில் இருந்தால் பேரலல். படம் மங்கலாக இருந்தால் பின்புறத்தின் நெருக்கமான படம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அடுத்த விளம்பரத்துக்குப் போங்கள்.

மாடல் பெயர் சொல்லச் சொன்னால் நான் சொல்வது இவை. சீரியல் மட்டும் போதுமென்றால் டெல் லேட்டிட்யூட் டி620, டி630. சீரியலும் பேரலலும் சேர்ந்து வேண்டுமென்றால் அதற்கு முந்தைய டி610. பேரலல் மட்டும் என்றால் திங்க்பேட் டி42ஐயும் பார்க்கலாம், ஆனால் அதில் சீரியல் கிடையாது. தூசி, எண்ணெய், அதிர்வு உள்ள இடத்தில் வைக்கப் போகிறீர்கள் என்றால் பானாசோனிக் டஃப்புக் சிஎஃப்-19, சிஎஃப்-30 வரிசை. கனம் கூடுதல், ஆனால் கீழே போட்டாலும் மனம் பதறாது.

டி630 எடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அதில் இரண்டு வகை உண்டு: இன்டெல் கிராபிக்ஸ் உள்ளது, என்விடியா குவாட்ரோ என்விஎஸ் 135எம் உள்ளது. அந்தக் காலத்து என்விடியா மொபைல் சிப்களில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்புக்கு அடியில் உள்ள ஈய இணைப்புகள் விரிசல் விட்டன. 2008இல் அந்த நிறுவனமே அதை அறிவித்து, பழுதுச் செலவுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. திங்க்பேட் டி61லும் அதே தலைமுறை என்விடியா சிப் வந்திருக்கிறது. வேகம் கூட என்று சொல்லி அதைத்தான் முன்னால் எடுத்து வைப்பார்கள். சீரியல் போர்ட்டுக்காக வாங்குபவருக்குக் கிராபிக்ஸ் வேகத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. இன்டெல் உள்ளதையே கேளுங்கள்.

போர்ட் லேப்டாப்பில் இல்லை, டாக்கில் இருக்கிறது

பயப்பட வேண்டாம். லேப்டாப்பின் அடியில் நீண்ட பட்டை போன்ற கனெக்டரில் போய் உட்காரும் அந்தக் காலத்து டாக்கில் உள்ள சீரியல், பேரலல் போர்ட்கள் பொதுவாக உண்மையானவை. திங்க்பேட் டி60க்கான அட்வான்ஸ்டு மினி டாக், டெல் இ6400க்கான இ-போர்ட் ப்ளஸ் இரண்டிலும் இரு போர்ட்களும் உண்டு. மேசையை விட்டு நகராத வேலையென்றால், போர்ட் உள்ள பழைய லேப்டாப்பைவிடக் கொஞ்சம் புதிய லேப்டாப்பும் டாக்கும் சேர்ந்து நல்ல ஏற்பாடு. யூஎஸ்பி கேபிளில் இணையும் டாக் வேறு சங்கதி. அதற்குள் இருப்பது நீங்கள் ஏற்கெனவே முயன்று தோற்ற அதே அடாப்டர்தான்.

கார்டு செருகும் ஓட்டை இருக்கிறது, கார்டு போகவில்லை. போனாலும் நிரல் பார்க்கவில்லை

போர்ட்டைச் சேர்ப்பதற்காக லேப்டாப்பின் பக்கத்தில் செருகும் பிசி கார்டு, கார்டுபஸ், எக்ஸ்பிரஸ்கார்டு மூன்றையும் விற்பவர்கள் ஒன்றாகவே பேசுவார்கள். பிசி கார்டும் கார்டுபஸ்ஸும் 54 மில்லிமீட்டர் அகலம், 68 தொடர்பு முனைகள். 16 பிட் கார்டு கார்டுபஸ் ஓட்டையில் போகும். கார்டுபஸ் கார்டு பழைய 16 பிட் ஓட்டையில் போகாது, போகாதபடி விளிம்பிலேயே தடை வைத்திருக்கிறார்கள். தங்க நிறத்தில் புடைப்புகள் உள்ள பட்டை முனையில் தெரிந்தால் அது கார்டுபஸ் கார்டு. எக்ஸ்பிரஸ்கார்டு முற்றிலும் வேறு, 26 முனைகள், 34 மில்லிமீட்டர் அகலம் அல்லது எல் வடிவில் 54 மில்லிமீட்டர். ஒன்றை மற்றொன்றில் அழுத்திச் செருகி உள்ளிருக்கும் ஊசியை வளைத்தவர்கள் உண்டு. ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்க்காமல் எதையும் செருகாதீர்கள். ஸ்மார்ட் கார்டு ஓட்டையும் வெளியிலிருந்து இதே மாதிரி இருக்கும், கொஞ்சம் ஒல்லியாக.

கார்டு போய் உட்கார்ந்த பிறகு வருவது அடுத்த சிக்கல். கார்டுபஸ் வழியாக வரும் போர்ட் உண்மையான போர்ட்தான், ஆனால் பழைய முகவரியில் இருக்காது. விண்டோஸ் நிரல் காம் 5 என்று எடுத்துக்கொள்ளும். பழைய முகவரியைத் தவிர வேறெதுவும் தெரியாத டாஸ் நிரல் எடுத்துக்கொள்ளாது. எக்ஸ்பிரஸ்கார்டில் கூடுதலாக ஒரு வஞ்சகம்: அந்த ஓட்டையில் பிசிஐ எக்ஸ்பிரஸ், யூஎஸ்பி இரண்டுமே வருவதால், சில சீரியல் கார்டுகள் உள்ளுக்குள் யூஎஸ்பி அடாப்டராகவே இருக்கும். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி என்று காட்டினால் சுற்றிச் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டீர்கள்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

மின்சாரம் கொடுத்ததும் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியைக் கழற்றினால் போய்விடும்" என்பார்கள். திங்க்பேட்களில் அது தனிச் சிப்பில் எழுதப்பட்டிருக்கும், பேட்டரியைக் கழற்றினால் போகாது. பயாஸ் உள்ளே போக முடியாமல் பழைய போர்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போர்ட் அணைத்து வைக்கப்பட்டிருந்தால் திறக்க வழியே இல்லை.

தேதி, நேரம் தவறு என்று சொல்லி நின்றால் அந்தச் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த லேப்டாப் என்றால், அது கசிந்து பக்கத்தில் உள்ள செம்புத் தடங்களைத் தின்றிருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டே வாங்குங்கள்.

திரை ஆரம்பத்தில் சிவப்பாக மங்கி, சில நிமிடம் கழித்து வெளுத்தால் பின்னொளிக் குழல் வயதாகிவிட்டது. முற்றிலும் கறுப்பாக இருந்தால் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் திரை உயிரோடு இருக்கிறது, பின்னொளி மட்டும் போய்விட்டது. விஜிஏவில் வெளி மானிட்டர் போட்டு ஓட்ட முடியுமென்றால் இது விலை குறைக்க நல்ல காரணம். திரையில் கோடுகளோ கட்டங்களோ தெரிந்து, வெளி மானிட்டரிலும் அதே மாதிரி வந்தால் கிராபிக்ஸ் சிப் போயிற்று. அதை விட்டுவிடுங்கள்.

டெல் லேப்டாப் சார்ஜரை அடையாளம் காண முடியவில்லை என்று எச்சரித்தால் முதலில் வேறு அசல் சார்ஜர் போட்டுப் பாருங்கள். சார்ஜர் முனையின் நடுவில் உள்ள மெல்லிய ஊசி வழியாகத்தான் லேப்டாப் அதன் வாட் அளவைக் கேட்டறிகிறது. அந்தத் தகவல் வரவில்லையென்றால் பேட்டரியை ஏற்றாது, பிராசசரையும் மெதுவாக ஓட்டும். "பழசு, அதான் ஸ்லோ" என்று ஒதுக்கப்பட்ட லேப்டாப்புக்கு உண்மையில் இந்த ஊசிதான் காரணம் என்று தெரிந்த நாளில் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பேட்டரி வீங்கியிருந்தால் அதைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, பேட்டரி இல்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். மின்விசிறி இரைச்சல், சூடேறி அணைந்துபோவது இரண்டும் பெரும்பாலும் தூசியும் காய்ந்த பேஸ்ட்டும்தான். அதற்காக நல்ல லேப்டாப்பை விட வேண்டாம்.

அப்புறம், எதற்காக வந்தோமோ அந்தப் போர்ட். பையில் ஒரு 9 துளை பெண் கனெக்டரை, 2ஐயும் 3ஐயும் பற்றவைத்து, எப்போதும் வைத்திருங்கள். புட்டியை ஒரு பென்டிரைவில் எடுத்துப் போங்கள். விண்டோஸ் எக்ஸ்பியாக இருந்தால் ஹைப்பர்டெர்மினல் என்ற டெர்மினல் நிரல் உள்ளேயே இருக்கும், விஸ்டாவிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். லூப்பேக் சோதனை தேறாத லேப்டாப்பை, திரை கண்ணாடி மாதிரி பளபளத்தாலும் வாங்காதீர்கள். ஒரு முறை நான் இந்தச் சோதனையை வெட்கப்பட்டுக்கொண்டு செய்யாமல் விட்டேன். விற்றவர் நல்ல மனிதர், அவசரத்தில் இருந்தார். வீட்டில் வந்து பார்த்தால் யாரோ இடி மின்னல் நாளில் நீண்ட கேபிள் போட்டு ஓட்டி அந்தப் போர்ட்டின் சிப்பையே கருக்கியிருக்கிறார்கள். மற்ற எல்லாமே வேலை செய்தது.

போர்ட் கண்ணெதிரே இருக்கிறது, டிவைஸ் மேனேஜரில் இல்லை

பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். அலுவலகங்களில் இருந்து வரும் லேப்டாப்களில் சீரியல், பேரலல் இரண்டையும் பாதுகாப்புக்காக அணைத்து வைத்திருப்பது வழக்கம். சீரியலை காம் 1 என்று வையுங்கள், ஆட்டோ என்று விட வேண்டாம். சில மாடல்களில் அகச்சிவப்புப் போர்ட்டும் சீரியலும் ஒரே வளத்துக்குச் சண்டை போடும், அகச்சிவப்பை அணைத்துவிடலாம்.

பேரலலுக்கு ஈபிபி, ஈசிபி, சாதாரணம் என்று வகைகள் இருக்கும். கருவியின் கையேடு கேட்பதை வையுங்கள். கையேடு இல்லையா? டாங்கிளுக்குச் சாதாரணம், ஸ்கேனர், ஜிப் டிரைவுக்கு ஈபிபி என்று தொடங்கி, ஓடாவிட்டால் மாற்றி மாற்றிப் பாருங்கள். இதில் தவறினால் எதுவும் எரிந்துவிடாது.

போர்ட் தேறிவிட்டது, பழைய நிரல்தான் திறக்கவில்லை

64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல் ஓடாது, எந்த அமைப்பை மாற்றினாலும் ஓடாது. 32 பிட் விண்டோஸ் வேண்டும். பழைய கருவியின் டிரைவர் வட்டும் பெரும்பாலும் எக்ஸ்பி வரைதான் வரும்.

எக்ஸ்பி நிறுவும்போது 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை வந்தால், பயாஸில் சாட்டா அமைப்பை ஏஹெச்சிஐயிலிருந்து ஏடிஏ அல்லது ஐடிஇ என்று மாற்றுங்கள். நிறுவல் முடியும்.

டாஸ் நிரல் திறந்தவுடன் "ரன்டைம் எரர் 200" என்று சொல்லி விழுந்தால் லேப்டாப் பழையதாக இருப்பது போதவில்லை என்று பொருள்! டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல்கள் தொடங்கும்போது பிராசசரின் வேகத்தை அளந்து பார்க்கும். ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினால் அந்தக் கணக்கு அதன் எண் எல்லையை மீறிப் பிழையாகிவிடும். இன்னும் பழைய லேப்டாப் தேடி அலைய வேண்டாம், நிரலின் அந்தப் பகுதியைத் திருத்தும் சிறு ஒட்டுநிரல்கள் உண்டு. நகல் எடுத்து நகலில் போடுங்கள்.

விண்டோஸ் 98 தான் வேண்டும் என்பவர்கள் 512 எம்பிக்கு மேல் ரேம் இருந்தால் ஒரு பலகையைக் கழற்றிவிடுங்கள். அதற்கு மேல் போனால் அது தடுமாறும்.

எல்லாம் ஓடுகிறது, இடையிடையே குழறுகிறது

வருவதெல்லாம் குப்பை எழுத்து என்றால் வேகம், பேரிட்டி, ஸ்டாப் பிட் என்ற மூன்று அமைப்புகளில் ஒன்று இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை. அனுப்புகிறது ஆனால் பதில் இல்லை, அல்லது முதல் சில வரிகளோடு நின்றுவிடுகிறது என்றால், 'அனுப்பு, நிறுத்து' என்று சைகை காட்டும் ஹேண்ட்ஷேக் கம்பிகள்தான் காரணம். மலிவான கேபிள்களில் 2, 3, 5 மூன்று கம்பிகள்தான் இருக்கும், 7ம் 8ம் இருக்காது. பெரிய கோப்பு அனுப்பும்போது மட்டும் எழுத்து விழுந்துபோனால் வேகத்தைக் குறையுங்கள். 16550ஏ வகைப் போர்ட்டில் காத்திருக்க 16 எழுத்துக்குத்தான் இடம்.

சார்ஜரைச் செருகினால் குழறல், எடுத்துவிட்டால் சரி என்றால் இயந்திரத்தின் கிரவுண்டும் லேப்டாப்பின் கிரவுண்டும் வேறு வேறு மின்மட்டத்தில் இருக்கின்றன. அவசரத்துக்குப் பேட்டரியில் ஓட்டலாம். தினசரி வேலைக்கு, சிக்னலை ஒளி வழியே கடத்தும் ஆப்டிகல் ஐசொலேட்டர் ஒன்றை நடுவில் போடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் ஒரு நாள் போர்ட் கருகும், பிறகு மறுபடி தேடல்.

சில மணி நேரம் கழித்து தொடர்பு அறுந்தால் தூங்கும் அமைப்பு, ஹார்டு டிஸ்க் அணைப்பு இரண்டையும் நிறுத்துங்கள்.

ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்று தட்டத் தொடங்கினால் வேறு எதையும் செய்யாமல் முழு டிஸ்க்கையும் அப்படியே இமேஜ் எடுங்கள். நிரலின் உரிமம் அந்த டிஸ்க்கில்தான் பதிந்திருக்கலாம், கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் அது வராது. டி610, டி42 காலத்தில் 44 பின் ஐடிஇ டிஸ்க், டி620, டி630இல் சாட்டா. ஐடிஇக்கு எம்சாட்டா எஸ்எஸ்டி அட்டையை உள்ளே வைக்கும் மாற்றுச் சட்டங்கள் கிடைக்கும். அதில் இமேஜை இறக்கி, ஓடுகிறது என்று உறுதியான பின் பழைய டிஸ்க்கை ஒரு உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, எனவே இந்த லேப்டாப்பின் வைஃபையை பயாஸிலேயே அணைத்து, கோப்புகளைப் பென்டிரைவில் மட்டும் கொண்டுபோய் வாருங்கள்.